பம்பு ஓடும் உடம்பு

செஃபெரிஹிசார்
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

என் கண்மணி நிலாய்க்கு,

அம்மா எழுதுகிறேன். அல்லாவின் கருணையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்தப் பெர்கன் நகரத்து ஓயாத மழையில் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன், எப்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொள்கிறேன். தினமும்தான் ஃபோனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனை எடுத்தால் உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார், நான் லேசாக இருமினால் போதும், கையிலிருந்து பிடுங்கி, அம்மா நல்லா இருக்கா, இங்க வெயில் பிரமாதமா அடிக்குதுன்னு சொல்லி வைத்துவிடுகிறார். நானும் லேசுப்பட்டவள் இல்லை, நீ கூப்பிடும் நேரத்துக்குக் கன்னத்தில் கொஞ்சம் சாயம் பூசிக்கொண்டுதான் உட்காருவேன். இன்றைக்கு அவர் சீட்டாடக் காபிக் கடைக்குப் போயிருக்கிறார். சொல்ல வேண்டியதை முழுசாகச் சொல்லிவிட இதுதான் சமயம்.

முதலில் வீட்டுச் செய்தி. மாண்டரின் ஆரஞ்சுப் பறிப்பு டிசம்பரோடு முடிந்தது, இந்த வருடம் காய் சின்னது, இனிப்பு அதிகம். பழம் பேக்கிங் செய்யும் கொட்டகையில் என்னோடு வேலை செய்தவர்கள் எனக்கென்று ஒரு பெட்டி நிறையப் பொறுக்கி அனுப்பியிருந்தார்கள். அப்பாவால் தூக்க முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட மனசும் இல்லை, வாசலிலேயே பெட்டியைப் பிரித்து நாலு நாலாக உள்ளே கொண்டுவந்து சேர்த்தார். இரண்டாவதாக ஒரு ஜெனரேட்டரும் வாங்கிவிட்டார், முதலாவது நன்றாகத்தானே ஓடுகிறது என்றால், அதுக்கும் ஒருநாள் வயசாகும் முவல்லா என்கிறார். மின்சார வாரியத்தில் காலமெல்லாம் கம்பம் ஏறின மனுஷன், ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்தேன், கடைசியில பொண்டாட்டிக்கே கரண்டு குடுக்கிற வேலையாப் போச்சுன்னு காபிக் கடையில் சொல்லிச் சிரிக்க வைக்கிறாராம். வீட்டுக்கு வந்தால் அவர் சிரிப்பதே இல்லை.

இனி என் உடம்பைப் பற்றி. செப்டம்பரில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேனே, வயிற்றுக் கோளாறு என்று உன்னிடம் சொன்னோம். அது ரத்தக்கசிவு. குடலுக்குள்ளே கசிந்து கசிந்து, நான் தேநீர்க் குவளையைக் கூடத் தூக்க முடியாமல் ஆனபோதுதான் தெரிந்தது. என் இதயத்தில் பம்பு வைத்த இஸ்மிர் ஆஸ்பத்திரி வரை போக நேரமில்லை என்று அப்பா என்னை நம் ஊர் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார். அங்கே புதிதாக வந்த ஒரு டாக்டர், பாவம், கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தால் இயந்திரம் ஒன்றுமே காட்டவில்லை, மணிக்கட்டைப் பிடித்தால் நாடி இல்லை, கழுத்தைத் தொட்டால் அங்கேயும் இல்லை. நானோ கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நர்ஸ் ஓதவே ஆரம்பித்துவிட்டாள். நான், பயப்படாதீங்க டாக்டர், நான் இன்னும் சாகல, எனக்கு நாடி கிடையாது, அவ்வளவுதான்னு சொன்னேன். அப்பா என் இடுப்பிலிருந்த பெட்டியைத் தூக்கிக் காட்டி, பம்பு ஓடுது பாருங்க, நாடியைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க, ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாருங்க முதல்லன்னு கத்தினார். பாதிகூட இல்லை. அங்கேயே ஒரு பை ரத்தம் ஏற்றி, பிறகு ஆம்புலன்ஸில் இஸ்மிருக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னும் இரண்டு.

நம் டாக்டரம்மா பெர்ரின், உனக்குத் தெரியுமே, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் வைத்துவிட்டு மேஜை முழுக்கத் தேடுகிறவர், அவர்தான் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து விளக்கினார். முவல்லா அக்கா, நம்ம இதயம் தட்டித் தட்டித்தான் ரத்தத்தை அனுப்பும், உடம்பு அதுக்குத்தான் பழகியிருக்கு. இந்தப் பம்பு தட்டாது, திறந்துவிட்ட குழாய் மாதிரி ஒரே சீரா தள்ளிக்கிட்டே இருக்கும். ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னா பரவால்ல, உங்களுக்கு எட்டு வருஷம் ஆகுது. தட்டலே இல்லாம போனதுல குடலுக்குள்ள பிஞ்சு பிஞ்சா ரத்தக்குழாய் முளைச்சிருக்கு, லேசுல உடைஞ்சுபோகும். ரத்தத்தை உறைய வைக்க உதவுற இழை ஒண்ணு இருக்கு, பம்போட சக்கரம் சுத்துற சுத்துல அதுவும் அறுந்துபோகுது. மேல நான் வேற ரத்தம் கட்டிக்காம இருக்க மாத்திரை குடுக்கிறேன், அதை நிறுத்தினா பம்புக்குள்ள கட்டி விழும், கட்டி மூளைக்குப் போகும். இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். நான், அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்கன்னு கேட்டேன். மாத்திரையைக் குறைப்போம், மாசத்துக்கு ரெண்டு தரம் ரத்தம் பாப்போம், கீரை இந்த மாத்திரையோட வேகத்தை மாத்திடும், அதை மட்டும் தினமும் ஒரே அளவு சாப்பிடுங்க, ஒருநாள் கட்டுக்கட்டா, மறுநாள் ஒண்ணுமே இல்லாம இருக்காதீங்கன்னார். நம் கடற்கரையில் பிறந்தவளிடம், மழை விட்ட மறுநாள் மலைச்சரிவில் முளைக்கிற கீரையை அளந்து தின்னச் சொன்னால் எப்படி? வணங்கி ஏற்றுக்கொண்டேன், வேறென்ன செய்ய.

பம்பு வைத்தபோது இது இதயம் கிடைக்கிறவரைக்கும் ஒரு பாலம் என்றார்கள், ஞாபகமிருக்கிறதா? நம் நாட்டில் இதயம் கொடுக்கிறவர்கள் குறைவு, நானும் பாலத்தின் மேலேயே குடித்தனம் போட்டுவிட்டேன். போன நவம்பரில் ஒருநாள் காலை, ஆலிவ் காயைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தேன், ஃபோன் வந்தது. இதயம் ஒன்று இருக்கிறது, உடனே புறப்படுங்கள், எதுவும் சாப்பிடாதீர்கள் என்றார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன், நீ விமானம் ஏறிவிடுவாய். கையில் ஆலிவ் கறை அப்படியே இருந்தது. வண்டி ஓட்டின அப்பாவுக்கு வழியெல்லாம் காது சிவந்திருந்தது. போனால் அங்கே ரிஃப்கியும் உட்கார்ந்திருக்கிறான். ரிஃப்கி யாரென்று சொன்னதுண்டு, இஸ்மிரில் கொனாக் பக்கம் பேருந்து ஓட்டியவன், எனக்கு ஒரு வருடம் கழித்துப் பம்பு வைத்துக்கொண்டவன், பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் என்னோடு சண்டை போடுகிறவன். கழிப்பறையில் திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடித்துவிட்டு வருவான், நான் நர்ஸிடம் சொல்லிவிடுவேன், நீங்க பேக்கிங் கொட்டகையில பண்ணின அதிகாரத்த இங்க பண்ணாதீங்க அக்கான்னு கத்துவான். ஒருவருக்குப் பொருந்தாவிட்டால் வீணாகக் கூடாது என்று இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வரிசையில் நான்தான் முதல்.

மதியத்துக்கு மேல் டாக்டரம்மா வந்தார். இந்தத் தரம் கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. அப்போதே புரிந்துவிட்டது. அந்த இதயத்தோடு என் ரத்தம் சண்டை போடுகிறதாம். அக்கா, இதை உங்களுக்கு வச்சா உங்க உடம்பே அன்னைக்கே அதைக் கொன்னுடும்னார். நாலு கதவு தள்ளி ரிஃப்கியை உருட்டிக்கொண்டு போனார்கள், அவன் என்னைப் பார்த்தான், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன்னிடம் மறைப்பதற்கில்லை நிலாய், எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கழிப்பறையில் புகை விட்டவனுக்குப் புது இதயம், சொன்னதையெல்லாம் கேட்டு, கீரையைக்கூட அளந்து தின்றவளுக்கு வீட்டுக்குப் போ என்ற பதிலா என்று தோன்றியது. திரும்பும் வழியில் அப்பா காரை ஓரமாக நிறுத்தி எள்ளு ரொட்டி வாங்கி வந்தார், காலையிலிருந்து பட்டினியா இருக்க, தின்னு என்றார், நான் அதை ஜன்னல் வழியாக வீசி எறிந்தேன். அவர் இறங்கிப் போய் எடுத்து, துடைத்து, பறவைகளுக்காக மதில்மேல் வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

இப்போது சொல்லப்போவதைத்தான் ஃபோனில் சொல்ல முடியவில்லை. என் ரத்தத்தில் ஏன் இத்தனை எதிர்ப்பு என்று பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன். அயலார் ரத்தம் ஏற்ற ஏற்ற, அயலாரை அடையாளம் கண்டு விரட்டுகிற காவல் உடம்பில் பெருகுமாம். கசிவு வந்ததால் ரத்தம் ஏற்றினார்கள், ரத்தம் ஏற்றியதால் இதயம் பொருந்தவில்லை. ஆனால் அந்தக் காவலின் முதல் ஆட்கள் அதற்கு ரொம்ப முந்தியே வந்தவர்களாம், பிள்ளை பெற்ற பெண்களுக்கு அப்படித்தானாம், வயிற்றில் வளரும் பிள்ளையின் ரத்தம் தாயின் ரத்தத்தோடு கொஞ்சம் கலந்துவிடும், அந்த அடையாளம் தாயின் உடம்பில் வருஷக்கணக்கில் தங்கிவிடும். நீ படித்த பெண், எல்லாவற்றையும் கணினியில் தேடுகிறவள், ஒருநாள் இதை நீயே படித்து, பூட்டின அறையில் தனியாக உட்கார்ந்து, அம்மாவுக்கு இதயம் கிடைக்காமல் போனது என்னால்தான் என்று அழுவாய். எனக்கு என் பெண்ணைத் தெரியும். அதனால் நானே சொல்கிறேன், கேள். இதைக் கேட்டபோது எனக்கு வருத்தம் வரவில்லை. டாக்டரம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார், நான் சிரித்துவிட்டேன். அவ்வளவு தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வருடத்துக்கு ஒரு தரம் வருகிறவள், எனக்குள்ளே குடியுரிமை வாங்கி இத்தனை காலமாக இருந்திருக்கிறாள். இதற்கு நீ அழுதாயானால் உன்னோடு பேசவே மாட்டேன்.

ஜனவரியில் ரிஃப்கி வந்தான். அவன் மனைவி ஷென்குல்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள், அவனை இன்னும் ஓட்ட விடவில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான், தோளில் பை இல்லை, இடுப்பில் பெட்டி இல்லை, வயிற்றிலிருந்து கம்பி வரவில்லை, பாதி ஆள் மாதிரி இருந்தான். உள்ளே வாடா, உன் இதயத்தை நான் ஒண்ணும் பிடுங்கிக்க மாட்டேன்னு சொன்னேன். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டான். அக்கா, அது உங்களுக்கு வந்தது, நான் திருடிட்டேன் என்றான். அட மடையா, அது நம்ம ரெண்டு பேருக்கும் வந்ததில்ல, ஒரு பாவப்பட்ட குடும்பம் அழுதுகிட்டே குடுத்தது, அவங்களுக்காக ஓது, எனக்காக அழாதன்னேன். சொல்லிவிட்டுத்தான் அது நிஜம் என்று எனக்கே உறைத்தது. அதோடு என் ஆத்திரமும் தணிந்தது, முழுசாக என்று சொல்ல மாட்டேன், உன் வயதில் இருந்தால் முழுசாக என்று சொல்லியிருப்பேன். சிகரெட்டை விட்டுவிட்டானாம், ஷென்குல் பக்கத்திலிருந்து, விடலன்னா நானே நெஞ்சைப் பிளந்து எடுத்துடுவேன்னு சொல்லிருக்கேன் அக்கா என்றாள். புறப்படும்போது ரிஃப்கி என் காதருகே குனிந்து ஒன்று சொன்னான், யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறதாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கமே இல்ல அக்கா, அந்தப் பம்போட ஊங்காரம் இல்லாம அறையே செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு, ஷென்குலும் முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்கிறா, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தூங்கற மாதிரி நடிக்கிறோம் என்றான்.

என் முடிவைச் சொல்கிறேன். அந்தக் காவலைக் கரைக்க ஒரு வைத்தியம் உண்டாம், வாரக்கணக்கில் படுக்கவைத்து ரத்தத்தை வடிகட்டிக் கடுமையான மருந்து கொடுப்பார்கள். எனக்கு வயிற்றில் பம்பின் கம்பி நுழைகிற இடத்தில் அடிக்கடி சீழ் பிடிக்கிறது, அந்த மருந்து போட்டால் அது உள்ளே இறங்கிவிடலாம். இதயத்தின் வலது பக்கமும் களைத்துப்போய்விட்டது, பம்பு உதவுவது இடது பக்கத்துக்கு மட்டும்தானே, வலதுபக்கம் இத்தனை வருடம் தனியாக ஈடுகொடுத்து ஓடி இப்போது சாயங்காலமானால் கால் வீங்குகிறது, ஈரலும் கொஞ்சம் பெருத்திருக்கிறது. இத்தனையும் தாண்டி இதயம் கிடைக்குமா, கிடைத்தால் தங்குமா, யாரும் கையடித்துச் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்றேன். என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். டாக்டரம்மா நிறைய நேரம் பேசிப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அன்று வீட்டுக்கு வந்து கதவை அறைந்தார். நீ யாரைக் கேட்டு முடிவு பண்ணின, அந்தப் புண்ணுக்கு தினமும் கட்டு மாத்துறவன் நான், பேட்டரி மாத்துறவன் நான், என்னைக் கேக்கணும்னு தோணலையா உனக்கு என்றார். கேட்டா நீயும் அந்த வைத்தியம் வேண்டாம்னு சொல்வியா நெஜாத் என்றேன். சொல்ல மாட்டேன் என்றார். அதனாலதான் கேக்கல என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ஆனால் கட்டு மாற்றுகிற நேரத்துக்குச் சரியாகக் கை கழுவிக்கொண்டு வந்து நிற்பார்.

கசிவைக் குறைக்க ஒரே வழியாக டாக்டரம்மா பம்பின் வேகத்தைக் குறைத்துவைத்தார். வேகம் குறைந்தால் என் பழைய இதயம் தன்னால் ஆனமட்டும் கொஞ்சம் தள்ளும், மூடியே கிடந்த வால்வு நடுநடுவே திறக்கும், குடலுக்கு நல்லது. பதிலுக்கு மூச்சு வாங்கும். மாடிப்படி இனி எனக்கில்லை, கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம். போன வாரம் அப்பா கட்டு மாற்றி முடித்துவிட்டு, எழுந்திருக்க என் கையைப் பிடித்தார், பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னவாம் என்றேன். பேசாத என்றார். விரலை மணிக்கட்டில் அழுத்தி, தலையைச் சாய்த்து, கம்பத்தில் கரண்டு வருகிறதா என்று பார்ப்பவர் போல நின்றார். இருக்கு முவல்லா, இருக்கு, ரொம்ப லேசா, விட்டு விட்டு, ஆனா இருக்கு என்றார். எட்டு வருடத்துக்குப் பிறகு என் நாடி. நான் தொட்டுப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்கு ஒருவேளை ஆசையோ என்னவோ. நான் இல்லை என்று சொல்லவில்லை. அதோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

இனி உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ரிஃப்கி சொன்னது என் மனசிலேயே நிற்கிறது. எனக்கு வேளை வரும்போது இந்தப் பம்புக்கு அது தெரியாது, நான் போன பிறகும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், டாக்டரம்மாவோ அவர் ஆட்களோதான் நிறுத்த வேண்டும், அதைப் பேசி வைத்துவிட்டேன், அப்பா அதைத் தொடக்கூட வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு. இந்த மனுஷன் எட்டு வருடமாக என் முதுகில் காதை வைத்துக்கொண்டு அந்த ஓசையில்தான் தூங்குகிறார், நடுவில் எழுந்தால் அது கேட்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்குகிறார். அது நின்றதும் இந்த வீடு எவ்வளவு அமைதியாகிவிடும் என்று நினைத்துப் பார். அந்த அமைதியில் அவரைத் தனியாக விடாதே. நீ இரு, பாத்திரத்தை உருட்டு, ரேடியோவைப் போடு, அவரோடு சண்டை போடு, எதையாவது செய். ஒரு மாதமாவது. வேலை போய்விடும் என்றால் உன் வேலையிடத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள். இப்போதே ஓடி வர வேண்டும் என்று சொல்லவில்லை, பதறாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் மாண்டரின் பூத்திருக்கும், வாசனை கடல் வரை வரும், அப்போது வா, மூவரும் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

மறந்துவிடாதே, உன் இதயப் பரிசோதனை. போன வருடமே பார்க்கிறேன் என்றாய், பிறகு வேலை என்றாய். என் அம்மாவுக்கும் இதயம் தளர்ந்துபோகிற இதே நோய்தான், அப்போது பெயர் தெரியாமல் ஆஸ்துமா என்று புதைத்தோம். இது நம் வீட்டுப் பெண்களைத் தேடி வருகிறது. முன்னாலேயே கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்கிறார். உன் முதுகில் எவனும் காதை வைத்து ஊங்காரம் கேட்க வேண்டாம், தட்டுகிற சத்தம் கேட்கட்டும். பார்த்துவிட்டு எனக்குச் சொல்ல வேண்டும், நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை போதாது, டாக்டர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்ல வேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ எடுத்து வைக்கும் அடியெல்லாம் நேராகட்டும், உன் கையில் எப்போதும் சூடான ரொட்டி இருக்கட்டும், அல்லா உன்னை என் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் காப்பாற்றட்டும்.

உன் இரண்டு கண்ணிலும் முத்தமிடும்,
அம்மா முவல்லா

நிலாய், இந்த உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தாள். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். நாடி இருந்தது, நான் ஆசையில் சொல்லவில்லை. ரேடியோவைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம். பூ பூக்கும்வரை காத்திருக்காதே. வா.
அப்பா